பன்விலவில் தமிழுக்கு ஒரு நாற்காலி

கண்டியிலிருந்து வத்தேகம வழியாக ஏறும் பாதை பன்வில, மடுல்கலை, ஹுலுகங்கை என்று நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கிப் போகிறது. கீழே சிங்களக் கிராமங்களும் வயல்களும். ஏற ஏறத் தேயிலை. அதன் நடுவே தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள், ஒரு கோயில், ஒரு பாடசாலை. இவை எல்லாம் பன்வில பிரதேச செயலாளர் பிரிவுக்குள் வருகின்றன. இலங்கைச் சட்டத்தின்படி அது இருமொழி நிர்வாகப் பிரிவு. அங்கே அரசாங்க அலுவல் சிங்களத்தில் நடப்பது போலவே தமிழிலும் நடக்க வேண்டும். பதிவேடுகள் இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும். தோட்டத்திலிருந்து இறங்கி வருகிறவர் தன் மொழியில் விண்ணப்பம் எழுதி, தன் மொழியிலேயே பதில் வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததல்ல. 1987 நவம்பரில் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டின் 16ஆம் திருத்தம் நிர்வாக மொழியைப் பற்றிய 22ஆம் உறுப்புரையை விரித்து எழுதியது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ், மற்ற மாகாணங்களில் சிங்களம் என்பது பொது விதி. ஆனால் ஓர் உதவி அரசாங்க அதிபர் பிரிவில் (இன்றைய பிரதேச செயலாளர் பிரிவில்) மொழிச் சிறுபான்மையினர் கணிசமாக வாழ்ந்தால், அவர்களது விகிதத்தைப் பார்த்து அங்கே இரண்டு மொழிகளையும் நிர்வாக மொழியாக்கும்படி ஜனாதிபதி பணிக்கலாம். நடைமுறையில் அளவாகக் கொள்ளப்பட்டது எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம். இந்த அதிகாரத்தைக் கையில் எடுக்கவே 11 ஆண்டுகள் பிடித்தன. 1999 இறுதியில் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பிரிவுகள் முதலில் அறிவிக்கப்பட்டன. பின்னால் வந்த வர்த்தமானியில் கண்டி மாவட்டத்தின் அக்குறணை, தெல்தோட்டை, பன்வில, பஸ்பாகே கோறளை, உடபலாத்த ஆகிய பெயர்களும் சேர்ந்தன.

ஒரு சிறுபான்மை மொழிக்கு அரசு தரும் ஆதரவை எதைக்கொண்டு அளப்பது? அரசியலமைப்பின் வாசகத்தைக் கொண்டா, அமைச்சின் பெயர்ப்பலகையைக் கொண்டா, ஆண்டுக்கொரு விழாவைக் கொண்டா? பன்வில போன்ற ஓர் ஊரை நினைக்கும்போது எனக்குத் தோன்றும் விடை ஒன்றுதான். அந்த மொழியில் எழுதவும் பேசவும் தெரிந்த எத்தனை பேர் அரசாங்கச் சம்பளத்தோடு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். பிரதேச செயலகத்தில், பொலிஸ் நிலையத்தில், கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில், வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில், பாடசாலையின் கணித வகுப்பில் எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கைதான் ஆதரவு.

இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழருக்கு உரிமைகள் வந்து சேர்ந்த வரிசையே விசித்திரமானது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் இந்திய பாகிஸ்தானியர் சட்டமும் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கின. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது வடக்கும் கிழக்கும் கொதித்தன. மடுல்கலை மலையில் கொழுந்து பறித்த பெண்ணுக்கு அந்தச் சட்டம் எதைப் பறித்திருக்கும்? அவளிடமிருந்து வாக்கே பறிக்கப்பட்டிருந்தது. 1958இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அதற்கான ஒழுங்குவிதிகள் 1966வரை காத்திருந்தன. அதற்குள் 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒரே லயத்தில் தொங்கல் காம்பராக்காரர் நீலகிரிக்குக் கப்பலேற, பக்கத்துக் காம்பராக்காரர் இங்கேயே தங்கினார்.

தமிழ் அரசகரும மொழியானது 1987இல். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் 1988இல். அதிலும் விடுபட்டவர்களுக்கான சட்டம் 2003இல். ஆக, ஒருவரின் மொழி அரசகரும மொழியாகிவிட்டது, அவர் இன்னும் பிரஜையாகவில்லை என்ற நிலை இந்த மலைகளில் இருந்தது. மொழியுரிமை கைக்கு வந்த நேரத்தில் அதைக் கேட்டு வாங்கும் பழக்கமோ துணிவோ தோட்டங்களில் வளர்ந்திருக்கவில்லை. வளரவிடவில்லை என்பதே சரி. அலுவலகம் என்றால் அஞ்சி நிற்கும் இடம் என்று மூன்று தலைமுறைக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. ஆதரவு பற்றிப் பேசுகிற எவரும் இந்த இடத்திலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். கேட்காதவருக்குக் கொடுக்கத் தேவையில்லை என்று அதிகாரி நினைக்கும் இடத்தில், கேட்க முடியாமல் ஆக்கப்பட்டவருக்குச் சட்டம் மட்டும் போதாது.

இன்று மலையகத்து அலுவலகங்களில் தமிழர் ஒருவர் படும்பாடு வாசகர்களுக்குப் புதிதாக இருக்காது. படிவம் மும்மொழியில் அச்சிட்டிருக்கும். நிரப்பியதை வாங்கிப் படிப்பவருக்குச் சிங்களம் மட்டுமே தெரியும். ஆகவே தோட்டத்துத் தாய் சிங்களம் தெரிந்த மகனையோ மருமகளையோ கூட்டிக்கொண்டு வருகிறாள். அன்றைக்கு இருவருக்குமே பேர் இல்லை, அதாவது வேலைப் பதிவு இல்லை. இரண்டு பேருடைய நாட்சம்பளம் போகிறது. பஸ் காசு தனி. உரிய உத்தியோகத்தர் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றால் மறுபடியும் அதே செலவு. ஆளைக் கூட்டிவர முடியாதவர் வெளியே எழுதித் தருபவருக்குக் காசு கொடுக்கிறார். அரசாங்கம் ஒரு தமிழ் எழுதுவினைஞருக்குக் கொடுக்காத சம்பளத்தை இப்படி ஏழைகள் சில்லறையாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பெயர்களின் கதை இதைவிட மோசம். பிறப்புப் பதிவில் தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் காதால் கேட்டபடி எழுதுகிறார் ஒருவர். பின்னாளில் அதை ஆங்கிலத்துக்கு மாற்றுகிறார் இன்னொருவர். பாடசாலை இடாப்பில் ஆசிரியர் தமிழில் சரியாக எழுதிவைக்கிறார். அடையாள அட்டை எடுக்கும் வயதில் மூன்று ஆவணத்தில் மூன்று ஆளாக நிற்கிறது பிள்ளை. பரீட்சைச் சான்றிதழில் ஒரு பெயர், ஊழியர் சேமலாப நிதியில் ஒரு பெயர், மரண அத்தாட்சியில் வேறொரு பெயர். ஆயுள் முழுக்க மலையில் உழைத்தவரின் சேமலாபப் பணத்தைப் பெற அவரது மனைவி, இவரும் அவரும் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருக்கிறது. பெயர் தப்பாவதற்குக் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. பதிவு செய்யும் இடத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவர் இல்லை, அவ்வளவுதான். அந்த ஒரு வெற்றிடத்தின் விலையை ஒரு குடும்பம் நாற்பது வருடம் கட்டுகிறது.

பொலிஸ் நிலையத்தில் தமிழில் சொன்ன வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசிக்க முடியாத தாளில் கையொப்பம் வாங்கப்படுவதைப் பற்றி அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் மனித உரிமை அமைப்புகளுக்கும் பல வருடங்களாக முறைப்பாடுகள் போய்க்கொண்டிருக்கின்றன. அடிபட்ட மனைவி சொன்னது ஒன்று, ஏட்டில் இருப்பது ஒன்று என்றால் நீதவான் எதை வாசிப்பார்?

அரசாங்கம் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்படி அரசகரும மொழிகள் ஆணைக்குழு உண்டானது. முறைப்பாட்டை விசாரிக்கவும் பரிந்துரைக்கவும், வேண்டுமென்றே மொழியுரிமையை மறுக்கும் அலுவலரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. 2007இல் பொது நிர்வாக அமைச்சின் 07/2007 சுற்றறிக்கை, அந்த ஆண்டு ஜூலை 1க்குப் பிறகு சேவையில் சேரும் ஒவ்வொருவரும் 5 ஆண்டுக்குள் இரண்டாம் அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. அதே ஆண்டில் தேசிய மொழிக் கல்வி, பயிற்சி நிறுவகம் அமைக்கச் சட்டம் வந்தது. நல்ல நோக்கங்கள். இந்தச் சுற்றறிக்கையால் தமிழ் படித்து, தமிழில் அன்போடு பேசும் சிங்கள உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் சேவைக்கு வந்தபின் பரீட்சை எழுதிச் சம்பள உயர்வுக்காக எடுக்கும் சான்றிதழ், பத்து வருடம் கழித்து ஓர் ஏழைக் கிழவியின் பேச்சை விளங்கிக்கொள்ளப் போதுமானதாக இருப்பதில்லை. அதோடு, சிங்கள உத்தியோகத்தர் தமிழ் கற்பது அவசியம் என்றாலும், தமிழ் பேசும் ஓர் இளைஞருக்கு அதே நாற்காலியைக் கொடுப்பதற்கு அது ஈடாகாது. எழுத்து வேலைக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஆளணியில் இடமே ஒதுக்காமல் மொழியை மட்டும் நிர்வாக மொழி என்று அறிவிப்பது, அடுப்பு மூட்டாமல் பந்தி போடுவது போன்றது.

பின்லாந்தில் இதற்கு வேறொரு வழி இருக்கிறது. அங்கே ஸ்வீடிஷ் பேசுகிறவர்கள் நாட்டில் ஏறத்தாழ 5 சதவீதம். ஒரு நகரசபைப் பகுதியில் சிறுபான்மை மொழியினர் 8 சதவீதமோ 3,000 பேரோ இருந்தால் அது இருமொழிப் பகுதி. பத்தாண்டுக்கு ஒருமுறை அரசாங்கம் பட்டியலைப் புதுப்பிக்கிறது. பட்டம் தேவைப்படும் அரச வேலைக்கு வருகிறவர் இரண்டு மொழித் தேர்ச்சியையும் காட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பல்கலைக்கழகப் பட்டத்தோடேயே அந்தப் பரீட்சை சேர்ந்திருக்கிறது. அளவுகோலைப் பார்த்தால் நமது எட்டில் ஒன்றுக்கும் அவர்களது எட்டுச் சதவீதத்துக்கும் பெரிய தூரமில்லை. வித்தியாசம் முழுவதும் வாசலில் இருக்கிறது. அவர்கள் உள்ளே விடுமுன் கேட்கிறார்கள். நாம் உள்ளே விட்டபின் தவணை கொடுக்கிறோம்.

இனி பாடசாலைக்கு வருகிறேன். மொழிக்கான ஆதரவில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

தோட்டத்துப் பிள்ளைக்குக் கல்வி கொடுக்கும் பொறுப்பை முதன்முதலில் தோட்டத் துரைமார் தலையில் வைத்தது 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம். 1920இன் கல்விச் சட்டம் அதை இறுக்கியது. கடமை வந்தது, கட்டடம் வரவில்லை. பிள்ளை மடுவத்தின் (குழந்தைக் காப்பகத்தின்) ஓர் ஓரத்தில், கோயில் மண்டபத்தில், லயத்துக் காம்பராவில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்பையும் நடத்தினார். பல இடங்களில் அவரே கணக்கு வேலையும் பார்த்தார். பத்து வயதானதும் பிள்ளை மலைக்குப் போய்விடும் என்ற எண்ணத்தில் கட்டப்பட்ட கல்வி அது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது நாடே மாறியது. தோட்டப் பாடசாலை அந்தத் திட்டத்துக்கு வெளியே நின்றது. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு சுவீகரித்தபோதும் வெளியேதான் நின்றது. தோட்டங்கள் 1970களில் தேசியமயமான பிறகு, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியிலிருந்து, பாடசாலைகள் கொஞ்சம் கொஞ்சமாக அரசின் கைக்கு வந்தன. இலவசக் கல்வி இந்த மலைகளுக்கு வர முப்பது வருடத்துக்கு மேல் பிடித்தது. ஒரு தலைமுறைக்கு மேல் நீடித்த அந்தத் தாமதத்தின் வடுவை இன்றைய பெறுபேறுகளில் காணலாம்.

வந்த பிறகு நடந்த நல்லவற்றை மறைக்கக் கூடாது. 1980களின் நடுவிலிருந்து சுவீடன் அரசின் உதவியில் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மன் உதவியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவாகி மலையகத்துக்கு ஆசிரியர்களைத் தரத் தொடங்கியது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஆசிரியர்களானார்கள். என் பார்வையில் மலையகக் கல்வியின் மிகப் பெரிய மாற்றம் அதுதான். கட்டடத்தைவிடவும் புத்தகத்தைவிடவும் பெரிது. காலை வேலைப் பகிர்வான பெரட்டுக்குப் போகும் தாயின் களைப்பைத் தெரிந்த ஒருவர் வகுப்பில் நின்றால், காலையில் பிந்தி வரும் பிள்ளையை வெளியே நிறுத்தமாட்டார்.

ஆனால் இந்த ஆசிரியர்களுக்கு அரசு கொடுத்த மரியாதை என்ன? 2010களின் நடுவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென்று ஏறத்தாழ 3,000 பேரை ஆசிரியர் உதவியாளர்களாக எடுத்தார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். போராட்டங்களுக்குப் பிறகு 10,000. உயர்தரம் சித்தியடைந்த ஒரு இளம்பெண் காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு இரண்டு பஸ் மாறி மலையேறிப் போய்ப் படிப்பிப்பதற்கு அந்தப் பணம். நிரந்தர நியமனத்துக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் வீதியில் நின்றார்கள். ஒரு மொழியைக் கற்பிக்க வருகிறவரை உதவியாளர் என்று அரைச் சம்பளத்தில் வைத்திருந்தால், அந்த மொழிக்கு அரசாங்கம் கொடுக்கும் இடமும் அதுதான் என்று பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

மத்திய மாகாணத்தின் பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் ஐந்தாம் வகுப்போடோ சாதாரண தரத்தோடோ முடிந்துவிடுகின்றன. தமிழ் மொழிமூலம் உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் உள்ள பாடசாலைகள் நகரங்களில்தான் அதிகம். வத்தேகம கல்வி வலயத்துப் பன்வில பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஒரு கெட்டிக்காரப் பிள்ளை வைத்தியராக வேண்டும் என்று நினைத்தால், நகரத்தில் தங்குமிடமும் பஸ் பயணமும் தனியார் வகுப்புக் கட்டணமும் சேர்ந்து அந்த நினைப்பைப் பெற்றோரின் கைக்கு எட்டாமல் செய்துவிடுகின்றன. பிள்ளை கலைப்பிரிவுக்குப் போகும், அல்லது சாதாரண தரத்தோடு நிறுத்திவிட்டுக் கொழும்பில் ஒரு கடைக்குப் போகும்.

சில குடும்பங்கள் வேறொரு முடிவை எடுக்கின்றன. அருகிலுள்ள சிங்களப் பாடசாலையில் ஆசிரியர் தட்டுப்பாடு குறைவு, வேலைவாய்ப்பும் அந்த மொழியில்தான் என்று பிள்ளையை அங்கே சேர்க்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிங்களம் நல்ல மொழி. நமது அயலவரின் மொழி. மலையகப் பிள்ளை அதைச் சரளமாகக் கற்கவே வேண்டும். ஆனால் தாய்மொழியில் படித்தால் கணித ஆசிரியர் கிடைக்கமாட்டார் என்பதற்காக ஒரு தகப்பன் மொழியை மாற்றுகிறான் என்றால், அந்த முடிவை எடுத்தது அவனல்லன். ஆசிரியரை அனுப்பாத கல்வித் திணைக்களம் அவனுக்காக எடுத்த முடிவு அது. அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை தேசிய மொழிகளில் எதிலேனும் கல்வி கற்கும் உரிமையைத் தருகிறது. ஆசிரியர் இல்லாத வகுப்பில் அந்த உரிமை எங்கே குடியிருக்கும்?

மத்திய மாகாண சபையில் தமிழ்க் கல்விக்கென்று ஓர் அமைச்சர் இருந்த காலம் உண்டு. அந்த ஏற்பாட்டில் அரசியல் இருந்தது, ஆள்பிடிப்பு இருந்தது, அதெல்லாம் உண்மை. இருந்தாலும் ஓர் அதிபர் போய் முறையிட ஒரு கதவு இருந்தது. மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆளுநரும் அதிகாரிகளும் நிர்வகிக்கிறார்கள். தமிழ்ப் பாடசாலைகளைப் பற்றிக் கேள்வி கேட்க மக்கள் தெரிவுசெய்த ஒருவரும் மாகாணத்தில் இல்லாமல் ஒரு பிள்ளையின் இடைநிலைக் கல்வி முழுவதும் கழிந்துவிட்டது. இந்த விடயத்தைத் தேர்தல் சட்டச் சிக்கல் என்று மட்டும் பேசுவதை நான் ஏற்கவில்லை. இது பிள்ளைகளின் படிப்பு.

கண்டி மலைகளில் தமிழ் நேற்று வந்த விருந்தாளி என்ற எண்ணம் அதிகாரிகளிடம் மட்டுமல்ல, சில வேளை நம்மிடமும் இருக்கிறது. கண்டியில் 1838இல் பிறந்த சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தமிழில் தொடங்கினார். 1885இல் அவர் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’ தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்று. தெல்தோட்டைப் பக்கத்துப் போப்பிட்டியில் வாழ்ந்த அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவரின் பெயர் தமிழ்நாடுவரை அறியப்பட்டிருந்தது. கோப்பிக் காலத்திலேயே, 1869இல், ஆபிரகாம் ஜோசப் கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மியாகப் பாடிப் பதிப்பித்தார். முஸ்லிம்கள் வாழும் அக்குறணையிலும் மடவளையிலும் இன்றும் வீட்டு மொழியும் பாடசாலை மொழியும் தமிழ். எனவே இந்தப் பிரதேசத்தில் தமிழுக்கு நாற்காலி கேட்பது தோட்டத் தொழிலாளருக்காக மட்டும் கேட்பதில்லை. முஸ்லிம் அயலவருக்காகவும் கேட்பது. இரண்டு சமூகமும் தனித்தனியாகக் கேட்டதால்தான் இரண்டு பேருக்கும் கிடைக்காமல் போயிற்று என்பது என் எண்ணம்.

கலாசாரத்துக்குத் தரும் ஆதரவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாசியில் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவை தோட்டங்களில் எந்த அரசாங்க உதவியும் இல்லாமலே தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டன. தப்பு அடித்தவரும் ரதியாக வேடம் கட்டியவரும் மறுநாள் மலைக்குப் போனார்கள். அரசின் கலாசாரப் பணம் பெரும்பாலும் கோயில் வழியாகவே தோட்டத்துக்கு வருகிறது. ராஜகோபுரத்துக்குக் கிடைப்பது கூத்து வாத்தியாருக்குக் கிடைப்பதில்லை. பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை என்ற தனி மனிதர். தொழிலாளர் வாழ்வுக்கு ஒரு அருங்காட்சியகம் கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் உருவானது. அதை உருவாக்கியது கண்டியைச் சேர்ந்த சமூக அபிவிருத்தி நிறுவகம். 1972இல் கண்டியில் ‘சத்யோதய’வைத் தொடங்கித் தோட்ட மக்களைப் பற்றி நாட்டுக்குச் சொன்னவர் பாதிரியார் போல் கஸ்பெர்ஸ். இவர்கள் செய்ததில் ஒரு பங்கையாவது ஒரு திணைக்களம் செய்திருந்தால் எத்தனை கூத்துப் பாட்டுகள் ஒலிநாடாவில் மிஞ்சியிருக்கும்? பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் என்று ஒரு பதவி இருக்கிறது. இருமொழிப் பிரிவில் அந்த வேலையைச் செய்பவருக்குத் தமிழ் தெரிந்து, கையில் ஒரு ஒலிப்பதிவுக் கருவி இருந்து, மாதம் ஒரு தோட்டத்துக்குப் போனால் போதும். பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. வயதானவர்கள் காத்திருக்கமாட்டார்கள்.

அனர்த்த நேரத்திலும் இதே கேள்விதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மண்சரிவில் மிகக் கூடுதலாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்காலத்தில் பிரதேச செயலாளர் பிரிவுவாரியாக மஞ்சள், அம்பர், சிவப்பு என்று எச்சரிக்கை விடுக்கும். இந்த மலைப்பிரிவுகளின் பெயர்கள் அதில் வராத மழைக்காலம் அரிது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். அந்தப் புயலின்போது உத்தியோகபூர்வ எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை, வந்தவையும் குறைவு என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் எழுந்தது. மொழியுரிமையை உணர்ச்சி விவகாரம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். செங்குத்துச் சரிவில் நூறு வருடப் பழைய லயத்தில் படுத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு, இரவு பத்து மணிக்கு வருகிற செய்தி எந்த மொழியில் வருகிறது என்பது உயிர்ப் பிரச்சினை. அனர்த்த முகாமைத்துவ அலுவலகத்தில் இரவுப் பணிக்கு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்பது ஒரு நாற்காலிதான். ஒரே ஒரு நாற்காலி.

இன்னொரு விடயம் பன்வில பக்கத்துக்கே உரியது. 1992இல் மலையகத் தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளுக்குப் போனபோது, கண்டி, மாத்தளை, நக்கிள்ஸ் பகுதித் தோட்டங்களிற் பல ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி ஆகியவற்றின் கீழ் அரசிடமே தங்கின. இந்த நிறுவனங்கள் தொழிலாளரின் சேமலாப நிதியைக் கட்டாமல் பாக்கி வைத்தது பாராளுமன்றத்திலேயே பலமுறை பேசப்பட்ட செய்தி. அதாவது இங்கே அரசு மொழியை அங்கீகரிக்கும் அரசு மட்டுமில்லை; முதலாளியும் அதுவே. தன் சொந்தத் தோட்டத்தில் அறிவித்தலை, சம்பளத் துண்டை, சேமலாபக் கணக்கைத் தமிழில் கொடுக்க அதற்கு வேறு யாருடைய அனுமதியும் தேவையில்லை. 1987இன் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை நிதியைச் செலவிட வழி திறந்தது. அதற்கு முன் முப்பது ஆண்டுகள் வாக்களித்தும் பாதை கேட்க முடியாத வாக்காளர்களாகத் தோட்ட மக்கள் இருந்தார்கள். கதவு திறந்தபின்னும் சபைக் கூட்ட அறிக்கை தமிழில் இல்லையென்றால், எந்தப் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று அவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

ஆகவே வாசகரிடம், குறிப்பாகப் பன்வில, மடுல்கலை, ஹாத்தலை பக்கத்து இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். பிரதேச செயலகத்துக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் வத்தேகம வலயக் கல்வி அலுவலகத்துக்கும் ஆளுக்கொரு கடிதம் எழுதுங்கள். அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, அதில் தமிழில் கடமையாற்றக் கூடியவர்கள் எத்தனை பேர், தமிழ் மொழிமூலக் கணித, விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடம் எத்தனை என்று கேளுங்கள். பதில் சிங்களத்தில் மட்டும் வந்தால், அந்தத் தாளையே இணைத்து இராஜகிரியவிலுள்ள அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு அனுப்புங்கள். முஸ்லிம் நண்பர்களையும் கையெழுத்திடச் சொல்லுங்கள். வரும் எண்களைப் பத்திரிகைக்கும் உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கும் கொடுங்கள். இந்த மாதமே முதல் கடிதத்தை எழுதுங்கள்.